குரலுக்குக் கார்டு கிடையாது

ஜனவரி 20, வெள்ளி

ஏட்டய்யா, நேற்றோடு உங்கள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டேன். உங்கள் செருப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

இது சீரியல் கம்பெனி உங்களுக்குப் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. மூன்று பக்கம்தான் எழுதியிருக்கிறீர்கள், மூன்றிலும் எபிசோட் நம்பர்தான். மிச்சத் தாள் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏட்டய்யா என்றால் நீங்கள் முறைப்பீர்கள். ஊருக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் என்றால் எனக்கு ஏட்டுதான் என்று நான் வைத்த பேர். இனிமேல் முறைக்க முடியாதே, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஏழரைக்குக் கீழ்வீட்டு அம்சவேணி டிவி போட்டாள். கற்பூர வாசல் சீரியல் பாட்டு வந்தது. அப்புறம் நீங்கள் வந்தீர்கள். பதினோரு வருஷமாக இன்ஸ்பெக்டர் சூரியமூர்த்தியின் முகம் அந்த மைசூர்க்காரர் திலக்குடையது, குரல் உங்களுடையது. அவருக்குத் தமிழ் வராது. கேமரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயசைத்துவிட்டுப் போய்விடுவார். சாலிக்கிராமத்தில் ஓர் இருட்டு அறையில் உட்கார்ந்து நீங்கள்தான் அந்த வாய்க்குள் வார்த்தையை வைப்பீர்கள். பொங்கலுக்கு டப்பிங் தியேட்டர் லீவு என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நாலாம் தேதி மார்வலியில் ஆட்டோவிலேயே உயிர் போன மனுஷன், இருபதாம் தேதி கீழ்வீட்டு ஹாலில், "இவனைக் கூட்டிட்டுப் போய் லாக்கப்ல போடுங்க" என்று அதட்டுகிறீர்கள்.

நம் வீட்டில் டிவி கூடாது என்று வைத்தவர் நீங்கள். அதனால் எப்போதும் போல மாடிப்படியில் நின்றுதான் கேட்டேன்.

ஜனவரி 21, சனி

கேஸ் புக் செய்தேன். உங்கள் போனுக்கு நம்பர் வருமாம், அதைச் சொல்ல வேண்டுமாம். உங்கள் போனைத் திறக்கத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்தேன்.

ஜனவரி 24, செவ்வாய்

நீங்கள் எழுதி வைத்த கடைசி நம்பர் 3126. இன்றைக்கு ஓடியது அதுதான். அம்சவேணி தினமும் நம்பரைப் பார்த்துச் சொல்வாள், அவளுக்கு அது ஒரு பெருமை.

கடைசியாக நீங்கள் சொன்னது, "நீங்க ஜீப்ல போங்க. நான் பின்னாடியே வர்றேன்." அவ்வளவுதான். அடுத்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

நான் என்னமோ பெரிதாக வரும் என்று எதிர்பார்த்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பைத்தியக்காரி.

ஜனவரி 25, புதன்

எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தப் பேனா தாங்காது.

இன்றைக்கு இன்ஸ்பெக்டரைக் கத்தியால் குத்திவிட்டார்கள். எங்கே தெரியுமா? தொண்டையில். கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் கொஞ்ச நாள் பேசக் கூடாது என்று டாக்டர் வேஷக்காரர் சொல்கிறார். வேறு ஆள் கிடைக்கும்வரை சமாளிக்க நல்ல வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே சீரியலில் மாமியாருக்கு இரண்டு தடவை ஆள் மாறியது. சின்ன மகனுக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் படம் போட்டு, "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு போட்டார்கள். ஆறு மாசம் நடித்துவிட்டுச் சண்டை போட்டுப் போன பையனுக்குக்கூடக் கார்டு. பதினோரு வருஷம் பேசிய உங்களுக்குக் கத்திக்குத்து. பழியை ஏதோ ஒரு ரவுடி மேல் போட்டுவிட்டார்கள். மாசிலாமணி என்று ஒருவர் இருந்தார், பேசினார், போய்விட்டார் என்று எழுத ஒரு கார்டு இல்லையா அவர்களிடம்?

ஜனவரி 29, ஞாயிறு

காலையில் அம்சவேணி ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கலும், பேப்பரில் மடித்த விபூதியும் கொண்டுவந்தாள். இந்தத் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து முருகன் கோவிலில் அர்ச்சனை செய்திருக்கிறார்கள். யாருக்கு என்றால், இன்ஸ்பெக்டர் தொண்டைக்கு. நட்சத்திரம் ரோகிணி என்று திலக் ஏதோ பத்திரிகைப் பேட்டியில் சொன்னதை ஞாபகம் வைத்துச் சொன்னார்களாம். குருக்கள் கோத்திரம் கேட்டாராம். அம்சவேணி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போலீசுங்க" என்றாளாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"நீயும் கொஞ்சம் எடுத்துக்கக்கா. நல்லபடியா பேச்சு வந்துடணும் அவருக்கு."

உங்கள் சாவுக்கு வந்து பத்து நிமிஷம் நின்றவள்தான் இவள். அண்ணன் எங்கே வேலை பார்த்தார் என்று அன்றைக்குத்தான் கேட்டாள். வெளியில் சொல்லக் கூடாது, கம்பெனி கோபித்துக்கொள்ளும் என்று நீங்கள் என் வாயைக் கட்டியிருந்தீர்கள், பதினோரு வருஷம் நானும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு முடியவில்லை.

"அம்சா, அந்தத் தொண்டை என் வூட்டுக்காரருது. அதை எரிச்சு இருபத்தஞ்சு நாள் ஆவுது."

அவளுக்குப் புரியவே இல்லை. திரும்பத் திரும்ப விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணனா? அண்ணனுக்குத்தான் வாய் பேச வராதேக்கா?"

இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பீர்கள், தலையாட்டுவீர்கள், தண்ணி லாரி வந்தால் விரலைக் காட்டி எத்தனை குடம் என்பீர்கள். தெருவே உங்களை ஊமை என்று நினைத்திருக்கிறது.

எனக்கு முகம் எரிந்தது. "வெளியிலதான் பேச மாட்டாரு. வீட்ல என்னாண்ட நல்லாப் பேசுவாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அப்படித்தான் சொன்னேன். பொங்கலை எறும்பு தின்றுவிட்டது.

பிப்ரவரி 2, வியாழன்

வளசரவாக்கத்தில் சீரியல் கம்பெனி ஆபீசுக்குப் போய் வந்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். மேனேஜர் வரதன் பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒரு மணிக்கு வந்தார். சாவுக்கு மாலையோடு வந்தாரே, அவர்தான்.

ஒரு கார்டு போடுங்கள் என்று கேட்டேன். பேர் போட்டு, இவர்தான் பேசினார், இப்போது இல்லை என்று. அவ்வளவுதான் கேட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் கடைசியில் ஓடுமே பெயர்ப் பட்டியல், அதில்கூட உங்கள் பேர் கிடையாது. "குரல்: குழுவினர்" என்றுதான் இருக்கும். யார் அந்தக் குழுவினர்?

வரதன் நல்லவிதமாகத்தான் பேசினார். "அம்மா, மூஞ்சி மாறினாத்தான் கார்டு. குரலுக்குக் கார்டு கிடையாது. எங்கியும் வழக்கமில்ல."

"மூஞ்சி மாறினா ஜனங்களுக்குத் தெரியாதா? கண்ணிருக்கே, பாத்துக்கப்போறாங்க. அதுக்கு எதுக்குக் கார்டு? சொல்லாட்டித் தெரியாதது குரல்தான். அதுக்குத்தானே போடணும்?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கார்டு போட்டால் திலக் பேசுவது சொந்தக் குரல் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம். பள்ளிக்கூட விழாவுக்கெல்லாம் அவரைக் கூப்பிடுகிறார்களாம், பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்தாலே போதுமாம், அந்த மரியாதை போய்விடுமாம். அவர் மரியாதைக்கு என் புருஷன் குழுவினராக இருக்க வேண்டுமாம்.

டீ கொடுத்தார்கள். வாசல் வரைக்கும் வந்த வரதன், "மணியண்ணன் இல்லாம ஆபீசே வெறிச்சுனு இருக்கும்மா. செம ஜாலியான ஆளு" என்றார். வேறு எந்த மணியையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார் போல. அங்கே எத்தனை பேர் வந்து போகிறார்கள்.

பிப்ரவரி 6, திங்கள்

உங்கள் இறப்புச் சான்றிதழ் வந்தது. தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, வியாழன்

இன்ஸ்பெக்டருக்குக் கட்டுப் பிரித்தார்கள். நர்ஸ் வேஷக்காரி கட்டைச் சுற்றிச் சுற்றி எடுக்கிறாள், எடுக்கிறாள், தீரவே இல்லை. நான் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் யூனிஃபார்ம் எங்கே?"

உங்கள் குரல். அப்படியே. "எங்கே"யில் அந்தக் கடைசி அழுத்தம்கூட. ஒரு நிமிஷம் எனக்கு நீங்கள் செத்ததே மறந்துவிட்டது, அதற்காகவே அவர்களை மன்னிக்க மாட்டேன். அடுத்த வார்த்தையில் தெரிந்துவிட்டது. நீங்கள் மூச்சை வாங்குகிற இடத்தில் அவன் வாங்கவில்லை.

உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் தெருவில் போனால் பிடித்துக் கேட்கலாம். இதற்கு யாரைப் பிடிப்பது?

அம்சவேணி வெளியே வந்து படியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தாள். டிவியில் இன்னும் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, இது அவரில்ல. இது வேற ஆளு."

என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, டிவியை நிறுத்தினாள். கற்பூர வாசல் ஓடும்போது அவள் டிவியை நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 13, திங்கள்

அந்த வேற ஆள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

கதவைத் திறந்தேன். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பேர் எபினேசர். சொந்த ஊர் பாளையங்கோட்டை, கோவில் கொடை, கல்யாண வீடு என்று மேடையில் எல்லார் குரலிலும் பேசிப் பிழைத்தவனாம். வெளியே போ என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கைகூப்பி நின்றான்.

விஷயம் இது. இன்ஸ்பெக்டருக்குக் கல்யாணம் செய்யப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டீச்சரம்மாவோடு. புதுப் பெண்டாட்டியிடம் மெல்லப் பேச வேண்டும். இவனுக்கு அது வரவில்லை. நாலு தடவை பேசியும் டைரக்டர் வேண்டாம் என்றுவிட்டாராம். அந்தக் காட்சி அப்படியே நிற்கிறதாம்.

"கோவம் வந்துட்டுக்கா. அதட்டல், நக்கல், எல்லாம் வந்துட்டு. மெல்லமாப் பேசதுதான் வரமாட்டேங்கு. பழைய எபிசோட் பூராவும் தேடிட்டேன். பதினோரு வருசத்துல அவரு ஒருத்தரைக்கூட மெதுவாக் கூப்பிடலை. உங்ககிட்ட எப்படிப் பேசுவாருன்னு ஒரு தடவை சொல்லிக் காட்டுனீங்கன்னா பிடிச்சுக்கிடுவேன்."

என்ன தைரியம் பாருங்கள். அதட்டல் போனது, நக்கல் போனது, இப்போது நீங்கள் என்னிடம் பேசியதும் வேண்டுமாம். அதையும் எடுத்துக்கொண்டு போய் எவளோ ஒரு டீச்சரம்மாவுக்குக் கொடுப்பார்களாம்.

உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் சொன்னேன். "அவரு பேரு டிவியில வரட்டும். சொல்லித் தரேன்."

அவன் அங்கேயே நின்று வரதனுக்குப் போன் போட்டான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

வரதன் என் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அந்தக் காட்சி இல்லாமல் அடுத்த வாரம் ஓட்ட முடியாது என்று தெரிந்தது, குரலிலேயே அவசரம். சரி என்றுவிட்டார். இரண்டு விநாடி போடுவாராம்.

"நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும்" என்றேன். என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, போனிலேயே வாய்விட்டுப் படித்தேன். இன்ஸ்பெக்டர் சூரியமூர்த்திக்கு இதுவரை குரல் தந்த மாசிலாமணி அவர்களுக்கு எங்கள் அஞ்சலி. அவசரமே படாமல் படித்தேன். அவர் கடிகாரம் பார்த்துச் சொன்னார். பத்து விநாடி.

"பத்து விநாடில ஒரு விளம்பரமே போட்டுடலாம்மா."

"போடுங்க. மெல்லப் பேசறதுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

பத்து விநாடிக்கு ஒத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் ஏட்டய்யா. வெள்ளிக்கிழமை எபினேசர் வருவான்.

பிப்ரவரி 15, புதன்

காலையிலிருந்து உட்கார்ந்து யோசிக்கிறேன். நீங்கள் என்னிடம் எப்படிப் பேசுவீர்கள்?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் முடிச்சு விழுந்தது. பேச்சைக் குறைக்காவிட்டால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள். இனி வீட்டில் பேச மாட்டேன், தொண்டை வேலைக்கு வேண்டும் என்று. சரி என்றேன். வேலைக்குத்தானே. அதற்கப்புறம் எல்லாம் தாளில்தான். காப்பி. குடை. சாயங்காலம் வர லேட் ஆகும். கை தட்டினால் சாப்பாடு, ஒரு விரல் காட்டினால் தண்ணீர். உங்கள் குரல் வேண்டும் என்றால் ஏழரை மணிக்குப் படியில் போய் நிற்பேன்.

அதற்கு முன்னால் எப்படிப் பேசினீர்கள்? கல்யாணம் ஆன புதுசில் ஏதோ பேசியிருப்பீர்கள். கண்ணை மூடிக் கேட்டால் "இவனை லாக்கப்ல போடுங்க" என்றுதான் வருகிறது. பதினோரு வருஷமாக அந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பழைய குரலை எல்லாம் தின்று தீர்த்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் வந்து கேட்டால் நான் எதைக் கொடுப்பேன்? இல்லை என்றால் உங்கள் பேர் போய்விடும்.

பிப்ரவரி 17, வெள்ளி

கொடுத்தேன்.

அவன் தாளைப் பிரித்துக் காட்டினான். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருகிறார். புதுப் பெண்டாட்டி சாப்பிடாமல் வாசலில் நிற்கிறாள். அவர் கேட்க வேண்டியது இரண்டே வார்த்தை. எனக்காகவா காத்திருந்தே?

இதை உங்கள் வாயில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அப்புறம் எனக்கு எப்படிக் கேட்க வேண்டும் என்று தோன்றியதோ அப்படிச் சொல்லிக் காட்டினேன். அவர் உடனே பேச மாட்டார், முதலில் ஒரு மூச்சு விடுவார் என்றேன். கடைசி எழுத்தை அழுத்த மாட்டார், கை நழுவி விடுகிற மாதிரி விடுவார் என்றேன். அவன் உங்கள் குரலில் சொன்னான். இன்னும் கீழே என்றேன். மறுபடி சொன்னான்.

"ஆர்டர் போடாதப்பா. கேளு. அவ நின்னது உனக்குத் தெரியும்ல, அது தெரிஞ்சு கேளு."

ஆறு தடவை. எங்கிருந்து எனக்கு அத்தனை திருத்தம் வந்ததோ. ஏழாவது தடவை சொன்னான் பாருங்கள், நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன்தான், பாவம். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னான்.

"தியேட்டர்ல இன்னமும் மாமாவைப் பத்தித்தான் பேச்சுக்கா. சவுண்ட் வேலை பாக்காரே, அவரு சொல்லுதாரு, டீக்குப் போனா மாமா வாய் ஓயாமப் பேசுவாராம். கதையாச் சொல்லுவாராம். சிரிச்சுச் சிரிச்சு அடுத்த ரீலு லேட்டாவுமாம்."

"அவருக்குத் தொண்டைல முடிச்சு" என்றேன்.

"அது முதல் ஒரு வருசந்தானாமேக்கா. அப்புறம் சுத்தமாச் சரியாயிட்டாம். டாக்டரே சொல்லிட்டாருன்னு எல்லாருக்கும் முட்டாய் வாங்கிக் குடுத்தாராம்."

அவன் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு மறுபடி தேய்த்தேன். தேய்க்கத் தேவையில்லாததையும் தேய்த்தேன்.

வரதனுக்கு ஒரு போன் போட்டு, கார்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். அது மாசிலாமணி பேர். நான் இரண்டு பஸ் மாறிப் போய்க் கேட்ட பேர்.

பிப்ரவரி 18, சனி

எழுத ஒன்றும் இல்லை. உங்கள் செருப்பைத் தூக்கிப் போட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

அம்சவேணி வீட்டு ஹால் நிறைந்துவிட்டது. அர்ச்சனை செய்த ஆறு பேரும் வந்திருந்தார்கள். என்னை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்தாள். பாட்டு முடிந்ததும் திரை கறுப்பானது. வெள்ளை எழுத்தில் வந்தீர்கள். நான் வாய்விட்டுப் படித்தேன். யாரும் என்னோடு சேர்ந்து படிக்கவில்லை, எனக்காக விட்டுவிட்டார்கள். அஞ்சலி என்று முடித்த பிறகும் கொஞ்சம் நின்றது. வரதன் சொன்ன சொல் தவறவில்லை.

அம்சவேணி எழுந்து நின்று கைகூப்பினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். இனிமேல் இந்தத் தெருவில் உங்களை யாரும் ஊமை என்று சொல்ல மாட்டார்கள்.

விளம்பரம் எல்லாம் முடிந்து அந்தக் காட்சி வந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். டீச்சரம்மா வாசலில் நின்றாள். அவர் ஒரு மூச்சு விட்டார்.

"எனக்காகவா காத்திருந்தே?"

கடைசி எழுத்து நழுவிப் போனது. நான் சொல்லிக்கொடுத்தது, நான் கேட்டே இராதது. திலக்கின் முகத்தைப் பார்க்காமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் நீங்கள்தான்.

அம்சவேணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"அண்ணன் உன்னாண்ட இப்படித்தான் பேசுவாராக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொன்னேன். உங்கள் பேர் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அதை எப்படிக் கெடுப்பது? தினமும் இப்படித்தான் என்று சேர்த்தும் சொன்னேன். புண்ணியம் செய்தவள் நீ என்றாள் ஒருத்தி.

அங்கே உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே யாரும் இல்லை, நான் கேட்பேன். நடந்ததெல்லாம் சரி, கார்டு வந்தது, பேர் வந்தது, தெரு எழுந்து நின்றது. தொண்டை சரியாகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்கு விரலைத்தானே காட்டினீர்கள், தண்ணீர் வேண்டும் என்று. நானும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். அதற்கப்புறம் எட்டு வருஷம். டீக்கடையில் கதை சொன்ன வாயை வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து மூடிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறீர்கள். நான் என்ன செய்தேன் ஏட்டய்யா, என்னிடம் மட்டும் ஏன் பேசவில்லை?